ஒரு துண்டுச் சீட்டும் அதன் கையெழுத்தும்: அமெரிக்க இலக்கியத்தில் இனமும் அதிகாரமும்

செம்பருத்தி | 2025 நவம்பர் 4, மாலை

அமெரிக்கக் கறுப்பின இலக்கியம் என்று தமிழில் பேச்செடுத்தாலே சாட்டை, சங்கிலி, வேட்டைநாய், தூக்குக் கயிறு இவைதான் வருகின்றன. இதெல்லாம் வரலாற்றுப் புத்தகத்திலேயே இருக்கிறது. நாவலுக்குள் இன அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது பக்கத்தைத் திறந்து காட்ட முடியுமா? அடிமைமுறை 1865இல் ஒழிந்தது. டோனி மாரிசனின் 'பிலவ்ட்' நாவல் வந்தது 1987இல். 122 வருடம் கழித்தும் ஏன் அதே இடத்தைச் சுற்றி எழுதுகிறார்கள்? என் எண்ணம் இதுதான்: அங்கே அதிகாரம் என்றால் உடல்மீது விழும் அடி. மற்றதெல்லாம் மேல்பூச்சு.

கைப்பிரதி | நவம்பர் 4, இரவு

சாட்டை கடைசியில் வருவது. அதற்கு முன்னால் ஒரு காகிதம் வந்திருக்கும்.

இந்தப் புத்தகங்களை ஒரு பென்சிலோடு வாசித்துப் பாருங்கள். கதைக்குள் வரும் ஒவ்வொரு காகிதத்தின் அருகிலும் ஒரு கோடு போடுங்கள். அனுமதிச் சீட்டு, கிரயப் பத்திரம், உயில், கடிதம், விளம்பர நோட்டீஸ், கணக்குப் பேரேடு, செய்தித்தாள் துண்டு எதையும் விடவேண்டாம். ஒவ்வொன்றிடமும் ஐந்து கேள்வி கேளுங்கள். எழுதியது யார்? சுமந்து போவது யார்? சுமப்பவருக்கு வாசிக்கத் தெரியுமா? யார் கண்ணில் பட்டால் அது செல்லுபடியாகும்? கடைசியில் அந்தக் காகிதம் என்ன ஆகிறது?

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வரும் பதில்தான் இன அதிகாரம். தன்னைப் பற்றி எழுதிய காகிதத்தைத் தானே சுமந்து போகிறவர், அதில் என்ன இருக்கிறது என்று அறியாதவராக இருக்கிறார்.

அடிமையாகப் பிறந்து தப்பித்த ஃபிரெடரிக் டக்ளஸிலிருந்து தொடங்குவோம், 1845இல் வந்த தன்வரலாறு. மேரிலாந்தின் டால்பட் கவுன்ட்டியில் ஈஸ்டர் விடுமுறையில் தப்பிக்கத் திட்டம். கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் அவரே ஒரு அனுமதிச் சீட்டு எழுதுகிறார். "கீழே கையெழுத்திட்ட நான், இதைக் கொண்டுவரும் என் வேலைக்காரனுக்கு பால்டிமோர் சென்று ஈஸ்டர் விடுமுறையைக் கழிக்க முழு அனுமதி அளிக்கிறேன்" என்பது சாரம். அடியில் எஜமான் பெயர், ஊர், கவுன்ட்டி. "என் கையாலேயே எழுதியது" என்ற வரியும் உண்டு. அந்த வரியில் சற்று நில்லுங்கள். எஜமானின் கை என்று சொல்லும் அந்தச் சொற்களை எழுதியது அடிமையின் கை.

திட்டம் அம்பலமாகிறது. ஹென்றி என்ற கூட்டாளி கையைக் கட்டவிட மறுத்துத் திமிறுகிறார். அந்தக் கைகலப்பில் டக்ளஸ் தன் சீட்டை யாரும் பார்க்காமல் நெருப்பில் போட்டுவிடுகிறார். சிறைக்கு நடத்திப் போகும் வழியில் ஹென்றி கேட்கிறார், என் சீட்டை என்ன செய்வது? ரொட்டியோடு சேர்த்துத் தின்றுவிடு, எதையும் ஒப்புக்கொள்ளாதே என்கிறார் டக்ளஸ். ஐந்தாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

கைப்பிரதி | நவம்பர் 5, காலை

நேற்று விட்டுப்போனது. அவர் எழுதப் பழகியது எப்படி என்பதைப் புத்தகமே படிப்படியாகச் சொல்கிறது. பால்டிமோரில் எஜமானி சோஃபியா ஆல்ட் அகர முதல எழுத்துகளையும் மூன்று நான்கு எழுத்துச் சொற்களையும் கற்றுக்கொடுக்கிறார். கணவர் ஹ்யூ ஆல்ட் தடுக்கிறார். படித்த அடிமை அடிமையாக இருக்க லாயக்கற்றவனாகிவிடுவான் என்கிறார். அந்தக் கண்டிப்பே டக்ளஸுக்கு முதல் பாடமாகிறது. எதிராளி எதற்கு இவ்வளவு அஞ்சுகிறானோ அது தனக்கு வேண்டிய பொருள் என்று புரிந்துகொள்கிறார்.

வாசிப்புக்குத் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்கள் ஆசிரியர்கள், ரொட்டித் துண்டு சம்பளம். எழுத்துக்குக் கப்பல் கட்டும் தளம். அங்கே மரத்துண்டுகளில் தச்சர்கள் அடையாளம் போடுவார்கள். இடப்பக்கத்துக்கு 'எல்', வலப்பக்கத்துக்கு 'எஸ்', இடப்பக்க முன்பகுதிக்கு 'எல் எஃப்', வலப்பக்கப் பின்பகுதிக்கு 'எஸ் ஏ'. இந்த நான்கு எழுத்தை வைத்துக்கொண்டு சிறுவர்களிடம் பந்தயம் கட்டுகிறார்: என்னைவிட நன்றாக எழுதிக் காட்டு பார்ப்போம். அவர்கள் எழுதிக் காட்டும் ஒவ்வொரு எழுத்தும் லாபம். பலகை வேலி, செங்கல் சுவர், நடைபாதை இவை நோட்டுப் புத்தகம். சாக்குக் கட்டி பேனா.

சட்டமும் இதையேதான் சொன்னது. தென் கரோலினா 1740ஆம் வருடச் சட்டத்திலேயே அடிமைக்கு வாசிக்கவும் எழுதவும் கற்பிப்பதைத் தடை செய்துவிட்டது.

சட்டப்புத்தகம் | நவம்பர் 5, மதியம்

கைப்பிரதி, கடைசி வரியைத் திருத்துங்கள். 1740 சட்டம் தடுத்தது எழுதக் கற்பிப்பதை மட்டும். வாசிக்கக் கற்பிப்பது அதில் இல்லை. எழுதக் கற்பித்தால், அல்லது எழுதத் தெரிந்த அடிமையை எழுத்து வேலையில் வைத்துக்கொண்டால், 100 பவுண்டு அபராதம்.

இது சின்ன வேறுபாடு இல்லை. வேதாகமம் வாசிக்கும் அடிமையைச் சில எஜமானர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பேனா பிடிக்கும் அடிமை தனக்குத்தானே சீட்டு எழுதிக்கொள்ள முடியும். அதே சட்டம், சீட்டில்லாமல் தோட்டத்துக்கு வெளியே பிடிபடும் அடிமைக்குக் கசையடி விதிக்கிறது. இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் காரணம் விளங்கும்.

வாசிப்பும் தடைக்குள் வந்தது பெரும்பாலும் 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில். வட கரோலினாவின் 1830 சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: எண்கள் கற்பிக்கலாம். மூட்டையை எண்ணவும் எடை போடவும் ஆள் வேண்டுமே. தண்டனை ஆளுக்கு ஆள் மாறும். வெள்ளையருக்கு 100 முதல் 200 டாலர் அபராதம் அல்லது சிறை. சுதந்திரக் கறுப்பருக்கு அபராதம், சிறை, அல்லது 20 முதல் 39 கசையடி. அடிமை இன்னொரு அடிமைக்குக் கற்பித்தால் 39 கசையடி.

கைப்பிரதி | நவம்பர் 5, இரவு

திருத்தம் சரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். வாசிப்பு, எழுத்து என்று பிரித்துப் பார்த்தால் நாவல்கள் இன்னும் நன்றாகத் திறக்கின்றன. இனி எழுதும் குறிப்புகளில் இந்தப் பிரிவை விடமாட்டேன்.

செம்பருத்தி | நவம்பர் 6

டக்ளஸ் தன்வரலாறு. நான் கேட்டது புனைவு. தவிர, சீட்டு எழுதி என்ன ஆயிற்று, பிடிபட்டார்கள். காகிதத்தால் யாராவது ஜெயித்தார்களா?

கைப்பிரதி | நவம்பர் 6, இரவு

அடிமையாகப் பிறந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் எழுதிய 'இன்சிடென்ட்ஸ் இன் தி லைஃப் ஆஃப் எ ஸ்லேவ் கேர்ள்'. இதுவும் தன்வரலாறுதான், ஆனால் நாவலின் உத்திகளோடு எழுதப்பட்டது. 'லிண்டா பிரென்ட்' என்ற புனைபெயரில் 1861இல் வெளிவந்தது.

வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில், பாட்டி வீட்டை ஒட்டிய கொட்டகைக் கூரைக்கடியில் ஏறக்குறைய ஏழு வருடம் ஒளிந்திருந்தார். இடத்தின் அளவை அவரே தருகிறார்: நீளம் 9 அடி, அகலம் 7 அடி, உயரமான இடத்தில் 3 அடி. அங்கிருந்து கூரை சரிந்து பலகையைத் தொடும். நிமிர்ந்து நிற்க முடியாது. கையில் அகப்பட்ட ஒரு துளைகருவியால் மூன்று வரிசை ஓட்டைகள் போட்டு, இடையில் நின்ற மரத்தையும் குடைந்தெடுத்து, ஓர் அங்குல நீளம் ஓர் அங்குல அகலத்தில் ஒரு திறப்பு செய்துகொள்கிறார். அது வழியாகத் தெருவையும் தன் பிள்ளைகளையும் பார்க்கிறார்.

இப்போது காகிதம். தன்னைத் தேடும் எஜமான் டாக்டர் ஃப்ளின்ட்டுக்கு அந்தக் கூரைக்கடியிலிருந்தே கடிதம் எழுதுகிறார், நியூயார்க்கிலிருந்து எழுதுவதுபோல. தெருப் பெயர் வேண்டுமே? பொருள் சுற்றிவந்த பழைய 'நியூயார்க் ஹெரால்ட்' தாளிலிருந்து எடுத்துக்கொள்கிறார். கறுப்பர்களை ஓயாமல் வசைபாடும் பத்திரிகை இந்த ஒருமுறை அவர்களுக்கு உதவியது என்று எழுதுகிறார். பயண நாட்களைக் கணக்கிட்டு வரப்போகும் ஒரு தேதியைப் போட்டு, கப்பலில் போகும் நம்பிக்கையான ஆள் மூலம் அங்கே தபாலில் சேர்க்கச் செய்கிறார்.

டாக்டர் வருகிறார், பாட்டிக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறார். ஆனால் அவர் வாசிப்பது இவள் எழுதியதை இல்லை. தானே இட்டுக்கட்டிய ஒன்று, இவள் மனம்வருந்தித் திரும்பிவர விரும்புவதாக. கதவுக்குப் பின்னால் ஒளிந்து கேட்டுக்கொண்டிருப்பவளுக்குத் தான் என்ன எழுதினோம் என்று தெரியும். போலிக் கடிதத்துக்குப் போலி வாசிப்பு. சொத்துக்காரர் வடக்கே தேடிக்கொண்டிருக்க, சொத்து அதே ஊரில் கூரைக்கடியில் இருக்கிறது. ஆம், ஜெயித்தார். 1842இல் வடக்கே தப்பிவிட்டார்.

சட்டப்புத்தகம் | நவம்பர் 7

அந்தப் புத்தகத்துக்கு நடந்ததையும் சேர்க்கவேண்டும். பதிப்பித்தவர் லிடியா மரியா சைல்ட், வெள்ளையினப் பெண்மணி. ஜான் பிரவுன் பற்றிய கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் பாட்டியின் மரணத்தோடு முடிக்கச் சொன்னவர் அவர்தான். ஆயுதம் ஏந்திய கிளர்ச்சியில் முடியவேண்டிய புத்தகம் குடும்பத் துக்கத்தில் முடிந்தது. பிறகு நூறு வருடத்துக்கும் மேல் பல ஆய்வாளர்கள் இதை சைல்ட் எழுதிய நாவல் என்றே எண்ணியிருந்தார்கள். ஜீன் ஃபேகன் யெலின் 1980களில் கடிதங்களை வைத்து ஜேக்கப்ஸ்தான் ஆசிரியர் என்று நிறுவினார். 1987 பதிப்புக்குப் பிறகு சந்தேகம் ஓய்ந்தது.

கைப்பிரதி | நவம்பர் 8

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் குறிப்பில் கதைக்குள் இருக்கும் காகிதங்களை மட்டும் சொன்னேன். புத்தகத்தின் முகப்பில் ஒட்டியிருக்கும் காகிதத்தை மறந்துவிட்டேன். அதுவும் அனுமதிச் சீட்டுதான்.

ஃபிலிஸ் வீட்லி, அடிமையாக இருந்த கறுப்பினக் கவிஞர், 1773, லண்டனில் அச்சான கவிதைத் தொகுதி. பாஸ்டன் பிரமுகர்கள் 18 பேர் கையெழுத்திட்ட சான்று அதில் இருக்கிறது. இக்கவிதைகளை இவள்தான் எழுதினாள் என்று நம்புகிறோம் என்கிறது. ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், ஜான் ஹான்காக் எல்லாரும் அதில் உண்டு. அவர்கள் அவரை உட்காரவைத்து வாய்மொழித் தேர்வு நடத்தினார்கள் என்று பல இடங்களில் கதையாக வரும். அப்படி ஓர் அமர்வு நடந்ததற்கு அக்காலப் பதிவு கிடையாது. கையெழுத்திட்ட தாள் இருக்கிறது, அது போதும்.

டக்ளஸின் 1845 நூலில் வில்லியம் லாயிட் கேரிசனின் முன்னுரையும் வெண்டல் ஃபிலிப்ஸின் கடிதமும் முன்னால் நிற்கின்றன. இருவரும் வெள்ளையினத்தவர், அடிமைமுறை ஒழிப்பாளர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள். அதே வட்டாரத்தில்தான் மேடையில் அவருக்கு அறிவுரை கிடைத்தது: நீ நடந்ததை மட்டும் சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பேச்சில் கொஞ்சம் தோட்டத்து வாடை இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். பத்து வருடம் கழித்து 1855இல் தன் கதையை விரித்து மறுபடி எழுதியபோது அவர் முன்னுரை வாங்கியது ஜேம்ஸ் மெக்யூன் ஸ்மித் என்ற கறுப்பின மருத்துவரிடம். இரண்டு பதிப்புகளின் முதல் பத்துப் பக்கத்தை அருகருகே வைத்தாலே போதும், அதிகாரம் எங்கே கைமாறியது என்று தெரியும்.

இன்னொன்று. எப்படித் தப்பித்தேன் என்பதை 1845இல் அவர் சொல்லவில்லை. சொன்னால் அந்த வழி அடைபட்டுவிடும் என்று வேண்டுமென்றே விட்டார். 1881இல்தான் எழுதினார்: ஒரு மாலுமி நண்பரின் அடையாளப் பத்திரம், தலைப்பில் அமெரிக்கக் கழுகு. அதில் எழுதியிருந்த அங்க அடையாளம் தன்னைவிட மிகக் கறுத்த ஒருவருடையது. நிலையத்தில் டிக்கெட் வாங்கினால் பத்திரத்தை நிதானமாகப் பார்ப்பார்கள் என்று, ரயில் நகரும் நேரத்தில் ஏறி உள்ளே வாங்கினார். கண்டக்டர் கழுகை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். முத்திரையை வாசிக்கிறார்கள், மனிதரை வாசிப்பதில்லை.

செம்பருத்தி | நவம்பர் 8, இரவு

சரி, கொஞ்சம் அசைகிறேன். ஆனால் வெள்ளை எழுத்தாளர்களிடம் இது இருக்கிறதா? மார்க் ட்வைன், வில்லியம் ஃபாக்னர்?

கைப்பிரதி | நவம்பர் 9

ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்', அமெரிக்கப் பதிப்பு 1885. சிறுவன் ஹக்கும் ஓடிப்போன அடிமை ஜிம்மும் ஆற்றில் போகும் கதை. எல்லாரும் மேற்கோள் காட்டுவது ஹக் கடிதத்தைக் கிழிக்கும் இடம். ஜிம் இருக்கும் இடத்தை அவன் எஜமானி மிஸ் வாட்சனுக்கு எழுதிவிட்டு, பிறகு நரகத்துக்கே போகிறேன் என்று கிழித்துப்போடுகிறான். அருமையான இடம்தான். அதற்குமுன் வரும் நோட்டீஸைக் கவனியுங்கள். பகலில் படகு விட வசதியாக இருக்கட்டும் என்று, கூட வரும் மோசடிக்காரன் 'டியூக்' ஓர் அச்சகத்தில் ஜிம்மைப் பற்றி ஓடிப்போன அடிமை விளம்பரம் அச்சிடுகிறான். கழியில் மூட்டை தொங்கும் ஆள் படம், 200 டாலர் வெகுமதி. யாராவது கேட்டால், பிடித்துக்கொண்டு போகிறோம் என்று காட்டலாமாம். ஜிம் பகலில் நடமாட வேண்டுமென்றால் பிடிபட்டவனாக நடிக்கவேண்டும். பிறகு அதே விளம்பரத்தைச் சாட்டாகக் காட்டி அவனை 40 டாலருக்கு விற்றுவிடுகிறார்கள்.

கடைசியில் விடுதலையும் காகிதத்தில்தான் வருகிறது. மிஸ் வாட்சன் இரண்டு மாதம் முன்பே இறந்துபோய், உயிலில் ஜிம்மை விடுவித்திருக்கிறாள். ஹக்கின் நண்பன் டாம் சாயருக்கு அது முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே அவனைச் சிறைக்குடிசையில் வைத்து, சாணைக்கல், சட்டையில் ரத்தத்தால் நாட்குறிப்பு என்று 'தப்பிக்கும்' விளையாட்டு நடத்துகிறான். ஜிம்முக்கு எழுதத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியும். நாவலின் கடைசிப் பகுதி தொய்ந்துவிட்டது என்று குறை சொல்வார்கள். எனக்கு அந்த இடமே மிகக் கொடூரமாகத் தெரிகிறது. சுதந்திரமான ஒரு மனிதனை, அவன் சுதந்திரமானவன் என்ற தகவலை மறைத்து வைத்துக்கொண்டு ஒரு சிறுவன் அடிமையாக வைத்திருக்கிறான். இதற்குச் சாட்டை தேவைப்படவில்லை, செம்பருத்தி.

கைப்பிரதி | நவம்பர் 10

ஃபாக்னர்: 'கோ டவுன், மோசஸ்', 1942, 'கரடி' பகுதியின் நான்காம் பிரிவு. பதினாறு வயது ஐக் மெக்காஸ்லின் குடும்பக் கடையின் பழைய பேரேடுகளை வாசிக்கிறான். அப்பாவும் சித்தப்பாவும் எழுத்துப்பிழைகளோடு எழுதிய வரவுசெலவு. யூனிஸ் என்ற பெண் 1807இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கப்பட்டாள், 1832 கிறிஸ்துமஸ் அன்று ஓடையில் மூழ்கினாள். அடுத்த பதிவில் மற்றவர் எழுதுகிறார்: தானே மூழ்கினாள். அதற்குப் பதிலாக, ஒரு கறுப்பர் தற்கொலை செய்துகொண்டதாக யார் கேள்விப்பட்டது என்று வசைச்சொல்லோடு ஒரு வரி. தேதிகளைக் கோத்துப் பார்த்துப் பையன் கண்டுபிடிக்கிறான். தாத்தா யூனிஸிடம் ஒரு மகளைப் பெற்று, அந்த மகளிடமே ஒரு மகனையும் பெற்றிருக்கிறார். அது தெரிந்துதான் அவள் ஓடையில் இறங்கினாள். அந்த மகனுக்கு உயிலில் 1000 டாலர். 'மகனே' என்று கூப்பிடுவதைவிட அது மலிவு என்று ஐக் நினைக்கிறான்.

விலை, தேதி, காரணமில்லாத ஒரு வினைச்சொல். கணக்குப்பிள்ளை நடையை வைத்தே ஃபாக்னர் இதைச் செய்திருக்கிறார். இலக்கிய அதிகாரத்துக்கு உச்சமான உதாரணம் என்பேன்.

கைப்பிரதி | நவம்பர் 10, இரவு

இரண்டாம் யோசனை. உச்சம் என்று எழுதியது அவசரம். பேரேட்டை எழுதியவர்கள் வெள்ளையர்கள், வாசிப்பவன் வெள்ளையன், குற்றவுணர்ச்சியும் அவனுடையது. யூனிஸுக்கு அந்தப் பக்கங்களில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஃபாக்னர் சுவரைக் காட்டுகிறார், சுவருக்கு அந்தப் பக்கம் போகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து எழுதப்பட்டதுதான் 'பிலவ்ட்'. 122 வருடக் கேள்விக்கும் அங்கேதான் பதில்.

சட்டப்புத்தகம் | நவம்பர் 11

நடுவில் சார்லஸ் செஸ்நட்டை விட்டுவிடாதீர்கள். 'தி மேரோ ஆஃப் டிரடிஷன்', 1901. ஒலிவியா கார்ட்டரெட் தன் தந்தையின் திருமணச் சான்றிதழையும் உயிலையும் கண்டெடுக்கிறாள். கறுப்பினப் பெண் ஜேனட் தன் தந்தைக்கு முறையாகப் பிறந்தவள், சொத்தில் பங்குள்ளவள் என்று அவை சொல்கின்றன. இரண்டையும் நெருப்பில் போடுகிறாள். நாவலின் பின்னணி வட கரோலினா வில்மிங்டனில் 1898 நவம்பர் 10 அன்று நடந்த வெள்ளையர் வன்முறை. அன்று கும்பல் எரித்ததில் கறுப்பினத்தவரான அலெக்சாண்டர் மேன்லியின் நாளிதழ் அலுவலகமும் ஒன்று.

கைப்பிரதி | நவம்பர் 12

'பிலவ்ட்'. சாட்டையால் முதுகில் மரம் முளைத்த வடு எல்லாருக்கும் நினைவிருக்கும். மை நினைவிருக்கிறதா?

ஸ்வீட் ஹோம் தோட்டத்துக்குப் புது நிர்வாகியாக வரும் 'ஸ்கூல் டீச்சர்' அளவுநாடாவும் நோட்டுப் புத்தகமுமாக அலைகிறவன். மாணவர்களிடம் அவன் சொல்வதை அங்கே அடிமையாக இருக்கும் செத்தி கேட்டுவிடுகிறாள்: அவளுடைய மனிதக் குணங்களை இடப்பக்கம் எழுது, மிருகக் குணங்களை வலப்பக்கம் எழுது, ஒன்றுக்கொன்று நேராக வரிசைப்படுத்த மறக்காதே. அந்த நோட்டுக்கு மை தயாரித்துக் கொடுத்தது செத்தி. செர்ரி மரப் பிசின், ஓக் பட்டை. அவள் கலக்கும் பக்குவம் அவனுக்குப் பிடித்திருந்தது. நாவலின் ஆரம்பப் பக்கங்களிலேயே அந்தப் பிசின் வாசனை வந்துவிடுகிறது. முடிவுக்கு அருகில், அதே தோட்டத்தில் அடிமையாக இருந்த பால் டி-யிடம் சொல்கிறாள்: மையை நான்தான் செய்தேன், நான் செய்யாமலிருந்தால் அவனால் எழுதியிருக்க முடியாது. அவளுக்கு நடந்த கொடுமைகளில் அவளைக் கடைசிவரை அரிப்பது இது. தன்னை மிருகம் என்று எழுதத் தன் கையாலேயே மை காய்ச்சியிருக்கிறாள்.

செத்தியின் மாமியார் பேபி சக்ஸ் விடுதலையாகிப் போகும் நாளில் கேட்கிறாள், என்னை ஏன் எல்லாரும் ஜென்னி என்கிறீர்கள்? உன் விற்பனைச் சீட்டில் அப்படித்தான் இருந்தது என்கிறார் தோட்ட உரிமையாளர் கார்னர். பத்து வருடம் தன்னிடம் வேலை பார்த்தவளிடம் பெயர் என்ன என்று அவர் கேட்டதே இல்லை. கார்னர் நல்ல எஜமான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, செய்தித்தாள் துண்டு, செத்தி தன் மகளைக் கொன்ற பழைய செய்தி. ஸ்டாம்ப் பெய்ட் அதை பால் டி-யிடம் காட்டுகிறார். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு கறுப்பு முகம் செய்தித்தாளில் வந்தால் அதில் நல்லது எதுவும் இருக்காது என்று தெரியும். படத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்கிறான்: இது அவள் வாய் இல்லை. சொல்லப்பட்ட செய்தியை மறுக்க அவனிடம் இருக்கும் ஒரே கருவி அந்த வாயைத் தெரிந்திருப்பதுதான்.

இப்போது 122 வருடம். மார்கரெட் கார்னர் 1856 ஜனவரியில் உறைந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்கு வந்தவர், மகளைத் திரும்ப அடிமையாக்க விடாமல் கொன்றவர். டோனி மாரிசன் ரேண்டம் ஹவுஸில் பதிப்பாசிரியராக இருந்தபோது 1974இல் கொண்டுவந்த 'தி பிளாக் புக்' தொகுப்பில் அவரைப் பற்றிய பழைய பத்திரிகைச் செய்தி இருந்தது. நாவலின் விதை அது. மார்கரெட் தன் கையால் எழுதியது எதுவும் நம்மிடம் இல்லை. இருப்பது அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியது. சட்டம் 1865இல் மாறியது, அந்தத் தாள்கள் அப்படியே இருந்தன. செய்தித் துண்டில் இல்லாத வாயை வரைய அவ்வளவு காலமும் ஒரு நாவலும் தேவைப்பட்டன.

இருமொழி | நவம்பர் 13

மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் ஹக்கும் ஜிம்மும் ஒருவரையொருவர் அழைக்க ஒரே முன்னிலைச் சொல். தமிழில் நீ, நீங்கள் என்று தேர்ந்தாக வேண்டும். ஹக் பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன், ஜிம் மனைவி பிள்ளைகள் உள்ள ஆள். வயதுக்கு மரியாதை என்றால் 'நீங்கள்', இன வரிசை என்றால் 'நீ'. ஆங்கிலத்தில் மறைந்திருக்கும் அதிகாரம் தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் வெளியே வந்துவிடும். நான் சிபாரிசு செய்வது: தொடக்கம் முதல் 'நீ'யே இருக்கட்டும். மூடுபனிக்குப் பிறகு ஹக் ஜிம்மிடம் மன்னிப்புக் கேட்கும் இடத்திலும் 'நீங்கள்' ஆக்கவேண்டாம். ஆக்கினால் ட்வைன் செய்யாத சமரசத்தை நாம் செய்துவிடுவோம்.

பேச்சுவழக்கு அடுத்த பொறி. ஜிம்மின் பேச்சை நம் ஊரின் ஏதாவது ஒரு வட்டார, சாதி வழக்கில் வைத்தால் வாசகர் அந்தச் சாதியையே கேட்பார். அதற்கு ஜிம் பொறுப்பில்லை. வழக்கைக் குறிப்பிட்ட ஊரோடு ஒட்டாமல், சொற்குறுக்கமும் தொடர் அமைப்பும் கொண்டு காட்டுவது பாதுகாப்பு.

'நீக்ரோ' என்ற சொல்லிலும் அடிக்கடித் தவறு நடக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கறுப்பர்கள் தங்களை மதிப்போடு குறித்த சொல் அது. அதைப் பெரிய எழுத்தில் தொடங்கி அச்சிடவேண்டும் என்று போராடினார்கள், 'நியூயார்க் டைம்ஸ்' 1930இல் ஏற்றுக்கொண்டது. வசைச்சொல் வேறு. வசைக்கும் 'நீக்ரோ' என்றே போட்டால் ஒரு பாத்திரம் மதிக்கிறதா இழிவுபடுத்துகிறதா என்பதே தமிழில் அழிந்துபோகும்.

கைப்பிரதி | நவம்பர் 13, இரவு

இருமொழி சொன்ன வழக்குப் பிரச்சினைக்கு பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' ஒரு பதில். 2024 நாவல், தேசியப் புத்தக விருதும் 2025 புலிட்சரும் பெற்றது. அதில் ஜிம் நூல்கள் வாசித்தவர். அடிமைகள் தங்களுக்குள் செம்மையான ஆங்கிலம் பேசுகிறார்கள், வெள்ளையர் காதில் விழும் இடத்தில் மட்டும் கொச்சைக்கு மாறுகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கொச்சையைப் பாடமாக நடத்துகிறார் ஜிம். அவருக்கு ஒரு துண்டுப் பென்சில் கிடைக்கிறது. திருடிக் கொடுத்தவர் அதற்கு உயிரையே விலையாகத் தருகிறார். 1740 சட்டம் எழுத்தைத்தான் தடுத்தது என்று சட்டப்புத்தகம் திருத்தினாரே, அந்தத் திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பென்சிலை வாசியுங்கள்.

கைப்பிரதி | நவம்பர் 15

ரால்ஃப் எல்லிசன், 'இன்விசிபிள் மேன்', 1952. இந்தப் பட்டியலில் முழு நாவலுமே காகிதத்தால் ஆனது. கதைசொல்லிக்கு வெள்ளைப் பிரமுகர்கள் முன்னால் கண்ணைக் கட்டிக் குத்துச்சண்டை போட்டதற்குப் பரிசாக ஒரு தோல்பை, உள்ளே கல்லூரி உதவித்தொகை. அன்றிரவு கனவில் தாத்தா பையைத் திறக்கச் சொல்கிறார். உறைக்குள் உறை. கடைசி உறையில் ஒரு வரி: சம்பந்தப்பட்டவர்களுக்கு, இந்தக் கறுப்புப் பயலை ஓடவிட்டுக்கொண்டே இருங்கள்.

பிறகு கனவு அப்படியே பலிக்கிறது. கல்லூரித் தலைவர் பிளெட்சோ சிபாரிசுக் கடிதங்கள் என்று சொல்லி ஒட்டிய உறைகள் கொடுத்து நியூயார்க்குக்கு அனுப்புகிறார். இவன் அலுவலகம் அலுவலகமாக அவற்றைச் சுமக்கிறான். எமர்சன் என்பவரின் மகன் ஒன்றைக் காட்டிக்கொடுத்த பிறகுதான் தெரிகிறது, இவனுக்கு வேலை கொடுக்காமல் நம்பிக்கையில் மட்டும் வைத்திருங்கள் என்பதே அதன் சாரம். பிளெட்சோ கறுப்பர் என்பதைக் கவனிக்கவேண்டும். சீட்டெழுதும் அதிகாரம் தோலைப் பார்த்து நிற்பதில்லை. ஆனால் அவருடைய கடிதம் செல்லுபடியாவது வெள்ளை அறங்காவலர்களிடம்தான். என் நான்காவது கேள்வி இதற்காகத்தான்.

நியூயார்க்கில் 'சகோதரத்துவம்' அமைப்பின் ஜாக் ஒரு தாளில் இவனுக்குப் புதுப்பெயர் எழுதித் தருகிறார். நடுவில் ஓர் அநாமதேய மிரட்டல் கடிதம் வருகிறது. இறுதியில் நிலக்கரிக் குழிக்குள் விழுந்து, வெளிச்சத்துக்காகப் பையிலுள்ள தாள்களை ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறான். முதலில் பள்ளிச் சான்றிதழ். அநாமதேயக் கடிதமும் பெயர் எழுதிய தாளும் எரியும் வெளிச்சத்தில் பார்க்கிறான், இரண்டும் ஒரே கையெழுத்து. எரித்தால்தான் வாசிக்க முடிகிறது.

செம்பருத்தி | நவம்பர் 16

மேல்பூச்சு என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பென்சிலோடு ரிச்சர்ட் ரைட்டின் தன்வரலாறு 'பிளாக் பாய்' தொடங்கியிருக்கிறேன். அதில் எங்கே பார்க்கவேண்டும்?

கைப்பிரதி | நவம்பர் 16, இரவு

முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1945இல் வந்தது பாதிப் புத்தகம். ரிச்சர்ட் ரைட் தெற்கையும் வடக்கையும் சேர்த்து எழுதியிருந்தார். மாதாந்திரப் புத்தகக் கழகம் எடுத்துக்கொள்ளவேண்டுமென்றால் சிகாகோ பகுதி வேண்டாம் என்றார்கள். இனவெறி தெற்கின் நோய், வடக்கு வந்தால் தீரும் என்ற தோற்றத்தோடு புத்தகம் முடிந்தது. வெட்டிய பகுதி 'அமெரிக்கன் ஹங்கர்' என்று 1977இல் தனியாக வந்தது, அப்போது ரைட் உயிரோடில்லை. இரண்டும் சேர்ந்த முழுப் பிரதி 1991இல். இரண்டாம் பாகம் உள்ள பதிப்பையே வாசியுங்கள்.

பார்க்கவேண்டிய இடம் மெம்ஃபிஸ் நூலகம். கறுப்பர்கள் அங்கே புத்தகம் எடுக்க முடியாது, வெள்ளையருக்காக வாங்கிப்போகலாம். உடன் வேலை பார்க்கும் ஓர் ஐரிஷ் கத்தோலிக்கரின் அட்டையை ரைட் இரவல் வாங்கிக்கொண்டு, அவர் எழுதியதுபோல் ஒரு சீட்டு எழுதுகிறார். விமர்சகர் மெங்கன் எழுதிய சில புத்தகங்களைக் கொடுத்தனுப்பச் சொல்லி. சீட்டில் தன்னைக் குறிக்க வசைச்சொல்லையே போடுகிறார். அந்தச் சொல் இருந்தால் எழுதியது அவராக இருக்கும் என்று நூலகர் சந்தேகிக்கவே மாட்டார்.

டக்ளஸின் ஈஸ்டர் சீட்டுக்கும் இதற்கும் ஏறக்குறைய 90 வருடம். எஜமானின் கை என்று எழுதிய அதே வேலை.

இருமொழி | நவம்பர் 17

அந்தச் சீட்டைத் தமிழாக்கிப் பார்த்தேன். "அன்புள்ள அம்மையாருக்கு, இந்தக் கறுப்புப் பயலிடம் மெங்கனின் சில புத்தகங்களைக் கொடுத்தனுப்ப முடியுமா?" 'பயல்' சரியாக விழுகிறது, வசையும் வயதைக் குறைப்பதும் ஒரே சொல்லில். 'பையன்' போட்டால் செல்லமாகிவிடும். 'நீக்ரோ' போட்டால் சீட்டு பொய் என்று நூலகர் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்த வரிதான் கஷ்டம். நூலகர் சந்தேகத்தோடு கேட்கிறாள், இந்தப் புத்தகம் உனக்கு இல்லையே? ரைட் சொல்லும் பதிலுக்கு மூன்று வடிவம் எழுதி அடித்துவிட்டேன். 'தெரியாது மேடம்' என்றால் நிமிர்ந்து நிற்கிறார். 'வாசிக்கத் தெரியாது' என்றால் எழுத்துநடை வந்து காட்டிக்கொடுக்கிறது. இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்:

"ஐயோ இல்லைங்கம்மா. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."